நாடுகளுக்கும் ஒரு திவால் சட்டம் வேண்டும்

ஒரு கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் முடங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2016-இல் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. வழக்கு ஏற்கப்பட்டதும், கடன் கொடுத்த வங்கிகள் ஆளுக்கொரு பக்கம் சொத்தைப் பறித்துக்கொண்டு போக முடியாது. எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தில் தாமதங்கள் உண்டு, குறைகள் உண்டு. ஆனாலும் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. ஒரு நாடு முடங்கினால் அதற்கு அப்படி எந்தக் கதவும் கிடையாது. உலக வறுமையைப் பற்றிய விவாதங்களில் நிதியுதவி, வர்த்தகம் எல்லாம் அடிபடுகின்றன. இந்தச் சட்டம் இல்லாததுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

செம்பு விற்றுப் பிழைக்கும் ஜாம்பியாவை எடுத்துக்கொள்வோம். 2012 முதல் 2015 வரை மூன்று தவணைகளில் 300 கோடி டாலருக்கு அது வெளிநாட்டுச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்றது. சீனாவிடமும் பெருங்கடன் வாங்கியது. 2020 நவம்பரில் பத்திரங்களுக்கான வட்டியைக் கட்ட முடியாமல் நின்றுபோனது. அதே மாதம் ஜி-20 நாடுகள், ஏழை நாடுகளின் கடனைச் சீரமைக்க ஒரு பொதுத் திட்டத்தை அறிவித்தன. ஆனால் கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு வர 2023 ஜூன் ஆயிற்று. பத்திரக்காரர்களோடு முதலில் பேசி முடித்த ஏற்பாடு, தங்களைவிட அவர்கள் குறைவாக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அரசுகள் மறுத்ததால் கவிழ்ந்தது. அது முடிய 2024 ஜூன். இடையில் அந்த ஆண்டின் கொடும் வறட்சியும் வந்து சேர்ந்தது.

ஏன் இவ்வளவு இழுபறி? யார் மீதும் குற்றம் சொல்லாமலே இதை விளங்கிக்கொள்ளலாம். கடன் கொடுத்த ஒருவர் முதலில் தன் தொகையைக் குறைத்துக்கொண்டால், மிச்சமாகும் பணம் அடுத்தவருக்குத்தான் போகும். ஆகவே எல்லாரும் அடுத்தவர் இறங்கிவரட்டும் என்று காத்திருக்கிறார்கள். காத்திருப்பவருக்கு வட்டி ஏறுகிறது. காலம் கடக்கக் கடக்க நட்டப்படுவது கடன் பட்ட நாட்டின் மக்கள் மட்டுமே. எல்லாரையும் ஒரே நேரத்தில் இறங்கச் சொல்லும் அதிகாரம் உலகில் எவருக்கும் இல்லை.

இறங்காமலே இருப்பவருக்குப் பரிசும் உண்டு. 1999-இல் டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம், ருமேனியாவுக்கு ஜாம்பியா தர வேண்டியிருந்த பழைய கடனை 30 லட்சம் டாலருக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கிற்று. பிறகு 5.5 கோடி டாலர் கேட்டு லண்டனில் வழக்குப் போட்டது. இதற்கிடையே மற்றவர்கள் ஜாம்பியாவின் கடனில் பெரும்பகுதியை ரத்து செய்தார்கள். 2006 ஏப்ரலில் அந்த நாடு கிராமப்புற மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. மறு ஆண்டே, அந்த நிறுவனத்துக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் சேர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிறர் விட்டுக்கொடுத்த பணம் இப்படித்தான் கைமாறுகிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இலங்கை 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனை நிறுத்திவைத்தது. பத்திரக்காரர்களோடு கணக்கு முடிந்தது 2024 டிசம்பரில். ஆனால் உள்நாட்டில் சுமை இறங்க அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. 8 சதவீதமாக இருந்த பெறுமதிசேர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளின் கையிலிருந்த திறைசேரிப் பத்திரங்களைத் தொடவில்லை. தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்களின் வட்டியைக் குறைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் ஓய்வுகாலச் சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது.

கடனைக் கட்ட வேண்டாம் என்றால் நாளை யார் கடன் கொடுப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. திவால் சட்டம் வந்ததால் கம்பெனிகளுக்குக் கடன் கொடுப்பதை வங்கிகள் நிறுத்திவிடவில்லை. தவிர, 2019-இல் இலங்கையின் பத்து ஆண்டுப் பத்திரத்தை வாங்கியவர்கள் 7 சதவீதத்துக்கு மேல் வட்டி பேசித்தான் வாங்கினார்கள். அமெரிக்க அரசுக்குக் கொடுத்திருந்தால் அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. பணம் திரும்பாமல் போகலாம் என்பதற்கான விலை அந்த வட்டியிலேயே இருக்கிறது. விலையை வாங்கிக்கொண்டவர் நட்டத்தில் பங்கு வேண்டாம் என்பது பொருந்தாது. அதே 2019 இறுதியில் வரிகளை வெட்டிக் கஜானாவைக் காலி செய்த ஆட்சியாளர்களின் பிழையை நான் மறைக்கவில்லை. அந்தப் பிழைக்கான தண்டனை, ஆட்சியில் இல்லாதவர்கள் மேல் விழுகிறது என்பதே என் வருத்தம்.

கூடிப் பேசி ஒரு நாட்டின் கடனைக் குறைக்க உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 1953 பிப்ரவரியில் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதியை ஏற்றுமதியில் ஈட்டி அடைக்கும்படி தவணைகளை நீட்டினார்கள். அதில் கையெழுத்திட்ட நாடுகளில் அன்றைய சிலோனும் ஒன்று. 2015 செப்டம்பரில், கடன் சீரமைப்புக்கான பொது நெறிகளை ஐ.நா. பொதுச்சபை 136 வாக்குகளோடு ஏற்றது. எதிர்த்து வாக்களித்தவை ஆறே நாடுகள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், கனடா, இஸ்ரேலோடு ஜெர்மனியும் அவற்றில் இருந்தது. அதற்கு முன்பே, 2001-இல் சர்வதேச நாணய நிதியத்தின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆன் குரூகர் நாடுகளுக்கான திவால் முறை ஒன்றை முன்வைத்தார். அமெரிக்காவின் எதிர்ப்பால் அது 2003-இல் கைவிடப்பட்டது.

உலகம் முழுவதும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. வெளிநாட்டுக் கடன் பத்திரங்களில் பெரும்பாலானவை நியூயார்க் சட்டத்துக்கோ இங்கிலாந்துச் சட்டத்துக்கோ உட்பட்டவை. ஜாம்பியாவின் பத்திரங்கள் இங்கிலாந்துச் சட்டத்தின்படியும் இலங்கையின் பத்திரங்கள் நியூயார்க் சட்டத்தின்படியும் எழுதப்பட்டவை. டோனிகல் வழக்கு எழுப்பிய கோபத்தின் தொடர்ச்சியாக, 2010-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மற்றவர்கள் எந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தார்களோ அதற்கு மேல் வழக்குப் போட்டு யாரும் வசூலிக்க முடியாது என்றது அது. ஆனால் மிகுந்த கடன்சுமை கொண்ட ஏழை நாடுகளின் பழைய கடன்களுக்கு மட்டுமே அது செல்லும். 2012-க்குப் பிந்தைய ஜாம்பியாவின் பத்திரங்கள் அதன் வரம்புக்கு வெளியே. அந்த வரம்பை இன்றைய கடன்களுக்கும் நீட்ட லண்டனில் ஒரு திருத்தம் போதும். நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்திலும் இதே நோக்கத்தோடு மசோதாக்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன.