இசைத்தட்டும் ஏட்டுச் சுவடியும்

ஏட்டுச் சுவடியைப் படியெடுப்போர் இருவகையர். கண்டதைக் கண்டவாறே எழுதுவோர் ஒருவகை. தமக்கு விளங்காத இடத்தைத் தாமே திருத்தி எழுதுவோர் மற்றொரு வகை. முன்னவர் விட்டுச்சென்ற பிழையைப் பின்வரும் அறிஞர் ஆராய்ந்து தீர்க்கலாம். பின்னவர் செய்த திருத்தத்திற்கு அடியிலிருந்த பாடத்தை மீட்டல் அரிது. 1887-ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரவர்கள் பல பிரதிகளை ஒப்புநோக்கி உழைத்தமையாலன்றோ நாம் இன்று அந்நூலைத் தெளிவுறக் கற்கின்றோம்? இவ்வறம் ஏட்டிற்கே உரியதன்று. பழைய இசைத்தட்டைக் கணினியிற் பதிவு செய்வார்க்கும் உரியது என்பதே ஈண்டு யாம் கூறப் புகுவது.

தேன்கனிக்கோட்டை தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் வழங்கும் ஊர். கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் தமிழில் ஜெமினி கணேசனுக்கும் குரல் கொடுத்த பி. பி. ஸ்ரீநிவாஸ் போன்ற பாடகர், இத்தகைய எல்லைப்புறத்தார்க்கு மும்மொழியிலும் உறவினர் ஆவர். புகழ்பெற்ற திரைப்பாட்டுக்கள் எங்கேனும் ஓரிடத்தில் காக்கப்படும். ஆனால் சில படிகளே வெளிவந்த கீர்த்தனைத் தட்டு, நாடகத் தட்டு, பிரசங்கத் தட்டு ஆகியவை ஒரு வீட்டுப் பரணில் மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும். அவற்றை ஒருமுறை பதிவு செய்தபின் பழைய பொருள் வாங்குவோனிடம் தள்ளிவிடுதல் பலர் வழக்கம். ஆகவே அம்முதற் பதிவே கடைசிப் பதிவும் ஆகிவிடுகின்றது. இதுவே நாம் அஞ்சத்தக்கது.

இனி, பதிவின் அளவுகளை நோக்குவோம். கணினியானது ஒலியலையை நொடிதோறும் பன்முறை அளந்து எண்களாக எழுதுகின்றது. குறுந்தகட்டின் அளவு நொடிக்கு 44,100 முறை, ஒவ்வோர் அளவையும் 16 பிட். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்குமாதலின், கேட்டு மகிழ்தற்கு இது போதும். எனினும் பன்னாட்டு ஒலி, காட்சி ஆவணக் காப்பகச் சங்கம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேண்டுமென்று பரிந்துரைக்கின்றது. பெருங் காப்பகங்கள் 96 கிலோஹெர்ட்ஸை மேற்கொள்கின்றன. காரணம் யாது? கீறலால் எழும் சொடுக்கொலி மிகக் கூரியது. நுணுகி அளந்தாலன்றி அதன் உருவம் தெளியாது. உருவம் தெளிந்தாலன்றிப் பின்னர் அதனைப் பிரித்தல் இயலாது. 24 பிட்டின் பயன் வேறு. உச்ச ஒலிக்கும் கணினியின் எல்லைக்கும் இடையே ஆறேழு டெசிபெல் இடம் விட்டு அடக்கமாகப் பதிந்தாலும், மெல்லொலி இரைச்சலில் மறைவதில்லை. எல்லையை மீறிப் பதிந்த ஒலியோ தலை வெட்டுண்டது. அதனைப் பின்னர் ஒட்டவைத்தல் இல்லை.

கணினிக்கு முன்னரே கவனிக்க வேண்டுவனவும் உள. 78 சுழற்சித் தட்டின் பள்ளம், 1948-இல் வெளிவந்த நெடுந்தட்டின் பள்ளத்தினும் ஏறத்தாழ மும்மடங்கு அகன்றது. ஊசியும் அதற்கேற்றதாதல் வேண்டும். தட்டில் அடியொலி குறைத்தும் மேலொலி மிகுத்தும் வெட்டப்பட்டிருத்தலின், அதனை நேர்செய்யும் முன்பெருக்கி இன்றியமையாதது. ஒற்றை ஒலித்தட்டையும் இரு தடத்திலேயே பதிதல் நன்று. பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்திருப்பினும் மறுசுவர் பிழைத்திருக்கலாம்.

நிற்க. "இரைச்சலை நீக்கிச் சிறிய எம்.பி.3 கோப்பாகத் தந்தாலே போதும், கேட்போர் கைபேசியிற் கேட்கின்றனர்" என்பர் சிலர். கேட்போர்க்கு அவ்வாறே தருக, யாம் மறுக்கவில்லை. ஆனால் அதனை மட்டுமே வைத்துக்கொள்ளுதல் தவறு. இரைச்சல் நீக்கும் கருவி சகரத்தின் உரசலையும் பாடுவோர் மூச்சையும் இரைச்சலென்றே எண்ணித் துடைக்கும். சொடுக்கு நீக்கும் கருவி மிருதங்கத்தின் கூரிய அடியைக் கீறலென மயங்கி மழுங்கச் செய்யும். தமக்கு விளங்காததைத் திருத்திய ஏடெழுதுவோனுக்கும் இக்கருவிக்கும் வேற்றுமை என்னை?

இடம் போதாது என்பதும் நிலைக்காது. 40 நிமிட நெடுந்தட்டொன்று 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏறத்தாழ 1.4 ஜிகாபைட் ஆகும். ஒரு டெராபைட் வட்டில் எழுநூறு தட்டுக்கள் அடங்கும். இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் வடிவிற் சேமித்தால் இன்னும் பல அடங்கும். 192 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறுதல் வேண்டுவதில்லை. அது பெருமிதமேயன்றிப் பயன் மிகுவதன்று.

முற்காலத்தார் செய்த நன்மை ஒன்றை நினைவுகூர்வோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரியர்சனது இந்திய மொழியளவைப் பணியைச் சார்ந்து, இந்நாட்டு மொழிகள் பலவற்றின் பேச்சு இசைத்தட்டிற் பதியப்பட்டது. நம் வேதத்தின் கெட்ட குமாரன் உவமையே அவற்றுட் பலவற்றின் வாசகம். அத்தட்டுக்களைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் எண்ணிம நூலகத்தில் இன்றும் கேட்கலாம். பேசினோர் மறைந்தனர், அவர்தம் உச்சரிப்பு மறையவில்லை. பதிந்தோர் அழகுபடுத்த முனைந்திருப்பின், மொழியாராய்ச்சி செய்வார்க்கு அவற்றால் என்ன பயன்?

ஆதலின், மாணவ நண்பர்காள், விடுமுறையில் ஊர் செல்லுங்கால் பரணிலுள்ள தட்டுக்களை எறியவிடாமற் காமின். தூசு நீக்கி, தக்க ஊசியிட்டு, முதற் பதிவை ஒன்றும் திருத்தாது எழுதி, தட்டின் பெயர்ச்சீட்டிலுள்ள எண்ணையும் உடன் குறித்து, இரண்டிடத்து வைமின். திருத்தங்கள் யாவும் அதன் படியிலேயே நிகழ்க. ஐயாயிரவர் உண்டபின்னும் மீந்த துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடைகளிற் சேர்ப்பித்த ஆண்டவர், நிறைவின் நடுவிலும் எதையும் வீணாக்கலாகாது என்று நமக்குக் காட்டினார். ஒரே படியாய் எஞ்சிய ஒரு குரலை நாம் வீணாக்குதல் தகுமோ?