அரக்கன் யார்? சுறாவா, வலையா?

2007 ஜனவரியில் ஜப்பானின் ஷிசுவோகா பக்கம் கரையோரத்தில் விலாங்கு மாதிரி ஒரு மீன் தள்ளாடிக்கொண்டிருந்தது. அவாஷிமா கடல் பூங்காக்காரர்கள் அதைக் கொண்டுபோய் நீர்க்குளத்தில் விட்டுப் படம் எடுத்தார்கள். சில மணி நேரத்தில் அது செத்துப்போனது. ஆனால் ஊடகங்கள் கொண்டாடியது என்னவோ "டைனோசர் காலத்து அரக்கன்" சிக்கிய கதையைத்தான்!

அந்த அரக்கனின் பெயர் ஃப்ரில்டு சுறா. உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. ஆறு ஜோடி செவுள்களின் ஓரம் கொசுவம் வைத்த துணி போல இருப்பதால் இந்தப் பெயர். நீளம் அதிகபட்சம் 2 மீட்டர். வாயில் சுமார் 300 பற்கள் இருந்தாலும், பிடிப்பது கணவாயையும் மீனையும்தான். கண்டச்சரிவின் இருட்டும் குளிருமே அதன் வீடு. பெரும்பாலும் 500 முதல் 1000 மீட்டர் ஆழம். மனிதன் நீந்தும் இடத்துக்கு அது வருவதே அபூர்வம்.

அடுத்த பட்டம், "வாழும் புதைபடிவம்". இதுவும் அரைகுறைப் பேச்சு. பழையது அதன் வம்சம். இன்று நீந்துவது இன்றைய மீன். "கோடி ஆண்டுகளைத் தாண்டிய மீன், நம்மையும் தாண்டிவிடும்" என்ற அலட்சியத்துக்குத்தான் இந்தப் பட்டம் வழி செய்கிறது.

தாண்டுமா? சுருகா விரிகுடாவில் ஆராய்ந்தவர்களின் கணக்குப்படி, அதன் கர்ப்பகாலம் சுமார் மூன்றரை ஆண்டு. யானைக்கே 22 மாதம்தான்! அத்தனை காலம் சுமந்து ஈனுவது சராசரியாக ஆறு குட்டிகள். ஒரு தாய் வலையில் போனால் ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும்?

2017-இல் போர்ச்சுகலின் அல்கார்வ் கடற்பகுதியில் ஒரு மீன்பிடிக் கப்பலின் இழுவை மடியில் இந்தச் சுறா ஒன்று மாட்டியது. அந்தக் கப்பலில் இருந்த ஆய்வாளர்கள் வேலை செய்தது, வேண்டாத மீன்கள் வலையில் சிக்குவதைக் குறைக்கும் திட்டத்துக்காக! அது சிக்கிய ஆழம் சுமார் 700 மீட்டர். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தன் கடலில் ஆழ்கடல் இழுவை மீன்பிடிப்பைத் தடை செய்தது 800 மீட்டருக்குக் கீழே. 700-இல் வாழும் மீனுக்கு அந்தக் கோட்டால் என்ன பயன்?

"சிவப்புப் பட்டியலில் அபாயம் குறைந்த இனம் என்றுதானே இருக்கிறது?" என்பார்கள். சரிதான். அபாயம் முற்றிய பிறகு, மூன்றரை ஆண்டு சுமக்கும் மீனை மீட்க யாருக்கு நேரம் இருக்கும்? கோட்டை மேலே ஏற்ற வேண்டியது இப்போதுதான்.

அடியில் கிடப்பதை எல்லாம் வாரிக்கொண்டு வருவது வலை. அரக்கன் என்ற பெயர் மட்டும் சுறாவுக்கு!