முள்ளு இருக்கா பாஸ்?

கல்லக்குடி பக்கம் பைக்குல போறப்ப ரோட்டோரப் புதரைப் பார்த்திருக்கீங்களா? ‘எல்லாம் சீமைக்கருவேலம்தான்’னு சொல்லிட்டுப் பறந்துடுவோம். அங்கேதான் சிக்கல். கருவேலத்தை அழிக்கிறோம்னு ஜேசிபி இறங்கினா, பேர் தெரியாத நம்ம ஊர்ச் செடியும் சேர்ந்தே போயிடும்.

அப்படிப் போகக்கூடாத ஒண்ணு விழுதி. கல்லும் கரடுமான வறண்ட பூமிதான் அதோட அட்ரஸ். சுண்ணாம்புக்கல் பாறைப் பக்கமும் தேடலாம், வயல் வேலியிலும் தேடலாம்.

கண்டுபிடிக்கிறது எப்படி? முதல்ல இலைக்காம்பு பக்கம் மெதுவா தொட்டுப் பாருங்க. கொக்கி மாதிரி முள்ளு கையை இழுத்தா அது ஆதண்டை. விழுதியோட சொந்தக்காரன்தான், ஆனா முரட்டு ஆளு! விழுதிக்கு முள்ளே கிடையாது.

அடுத்து பூ. ஆதண்டைப் பூவுல மகரந்தத்தாள்கள் பிரஷ் மாதிரி கத்தையா நீட்டிக்கிட்டு நிற்கும். விழுதியில நாலஞ்சுதான். அதுவும் பூவுக்குள்ள உட்காராம, ஒரு தனிக் காம்பு மேல ஏறி வெளியே நிற்கும். பக்கத்துல குட்டிக் குழல் ஒண்ணு, தேனுக்காக. வெளிர் பச்சை கலந்த வெள்ளை நிறம், பெரிய பர்சனாலிட்டி ஒண்ணும் இல்லை. குனிஞ்சு பார்த்தாதான் அழகு தெரியும். காய் ஒல்லியா நீளமா இருக்கும். பழுத்து வெடிச்சா உள்ளே ஆரஞ்சு கலர். பார்க்க ஜோரா இருக்குன்னு வாயில போட்டுடாதீங்க, ப்ளீஸ்!

இந்தச் செடி போனா யாருக்கு நஷ்டம்? வெள்ளை இறக்கை நுனியில லிப்ஸ்டிக் போட்ட மாதிரி சிவப்போட பறக்குமே ஒரு பட்டாம்பூச்சி, அதோட புழுக்களுக்கு விழுதி இலைதான் மெஸ் சாப்பாடு. ஸ்ரீரங்கம் மேலூர்ல 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போய் ரசிக்கிறோம். சந்தோஷம். ஆனா பூ மட்டும் இருந்தா பட்டாம்பூச்சி வந்துட்டுப் போகும், அவ்வளவுதான். குடும்பம் நடத்தணும்னா புழுவுக்கு இலை வேணும்.

சந்தேகம் வந்தா? செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ்ல 1967-ல் பாதர் கே.எம்.மாத்யூ தொடங்கின ராபினாட் ஹெர்பேரியம் இருக்கு. நம்ம பக்கத்துச் செடிகளை உலர்த்தி, பேர் எழுதி, ஷீட் ஷீட்டா அடுக்கி வெச்சிருக்காங்க. அவர் எழுதின தமிழ்நாடு கர்நாடகச் சமவெளித் தாவர நூல் 1981 முதல் பல தொகுதிகளா வந்தது. பாட்டனி ஸ்டூடண்ட்ஸ், அந்த லைப்ரரி பீரோவைக் கொஞ்சம் திறங்க!

செல்போன்ல எடுக்கிறப்ப வெறும் இலையை மட்டும் எடுக்காதீங்க. பூ, காய், கிளையில இலை உட்கார்ந்திருக்கிற விதம் — மூணு போட்டோ. செடியைப் பிடுங்க வேண்டாம்.