மாணவர் ஏடு மாணவர் கையில் இருக்கட்டும்!

மில் தொழிலாளி ஒருவரின் மகன், கல்லூரியில் கணிதம் படிக்கிறவன், தன் கல்லூரியின் ஆண்டு மலரை நமது காரியாலயத்துக்குக் கொண்டுவந்து காட்டினான். வழவழப்பான காகிதம். முதல் பத்துப் பக்கமும் நிர்வாகிகளின் படங்கள். அடுத்து அவர்களுடைய வாழ்த்துரைகள். மாணவர்கள் எழுதியது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எண்களைப் பற்றித் தனக்குத் தோன்றிய ஒரு யோசனையை அவன் எழுதிக் கொடுத்தானாம். “பாடத்தில் இல்லாததை, நிரூபிக்காததையெல்லாம் மலரில் போட முடியாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

நிரூபிக்காததைப் போடக் கூடாதா? மாணவர்களே நடத்தும் ஒரு விஞ்ஞான ஏட்டின் கதை இதற்குப் பதில் சொல்லும். அது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் நடந்த கதை.

அங்கே கணிதம் படிக்கும் மாணவர்கள் 1935-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ‘ஆர்க்கிமிடியன்ஸ்’ என்று அதற்குப் பெயர். 1939 ஜனவரியில் அச்சங்கம் ‘யுரேகா’ என்ற ஏட்டைத் தொடங்கியது. ‘கண்டுகொண்டேன்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. ஆசிரியர் பொறுப்பு மாணவர்களுடையது. புதிரும் வேடிக்கையும் கனமான கட்டுரையும் கலந்து வரும். தொடங்கிய வருஷமே உலக யுத்தம் மூண்டுவிட்டது.

யுத்தத்தின் நடுவே, 1944-ல், அந்த ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஃப்ரீமன் டைசன், வயது இருபது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தவரைக் குண்டுவீச்சு விமானப் படையின் தலைமையகத்தில் கணக்குப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே இவை சில ஊகங்கள்தான் என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

எதைப் பற்றிய ஊகம்? நமது கும்பகோணத்து ராமானுஜம் விட்டுச் சென்ற ஒரு விஷயத்தைப் பற்றி!

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதைக் களத்துமேட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். 4 மரக்கால் நெல் கிடக்கிறது. மரக்காலை உடைக்காமல் அதை எத்தனை விதமாகக் குவிக்கலாம்? நான்கும் ஒரே குவியலாக, மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, நான்கு ஒற்றைக் குவியலாக. ஆக 5 விதம். 9 மரக்காலானால் 30 விதம். 14 ஆனால் 135. 200 மரக்காலுக்குப் போனால் கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி விதம்! மக்மஹன் என்பவர் 200 வரை கணக்கிட்டு வைத்திருந்த அட்டவணையை ராமானுஜம் ஆராய்ந்தார். 4-லோ 9-லோ முடிகிற எண் எதுவானாலும், குவிக்கும் விதங்கள் 5-ஆல் மிச்சமின்றி வகுபடும் என்று 1919-ல் சொன்னார். 7-க்கும் 11-க்கும் இதேபோன்ற விதிகளைச் சொன்னார். 5-க்கும் 7-க்கும் நிரூபணமும் கொடுத்தார். மறு வருஷம் மறைந்துவிட்டார்.

வகுபடுகிறது, சரி. ஆனால் எந்த விதம் எந்தக் கூறில் போய்ச் சேருகிறது? அது நிரூபணத்தில் இல்லை. டைசன் அதைத்தான் தேடினார். பெரிய குவியலின் அளவிலிருந்து குவியல்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள் என்றார். 4 மரக்காலுக்குக் கழித்தால் முறையே 3, 1, 0, குறை 1, குறை 3 என்று வரும். குறையாக வருவதோடு 5-ஐக் கூட்டிக்கொண்டால் 3, 1, 0, 4, 2. ஒவ்வொன்றும் ஒரே தடவை! ஐந்து விதமும் ஐந்து கூறாகத் தாமே பிரிந்து நிற்கின்றன. பெரிய எண்களுக்கு 5-ஆல் வகுத்த மிச்சத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் கூறுகள் சமமாகவே இருக்கும் என்பது அவருடைய ஊகம். 7-க்கும் இந்த வழி சரிப்பட்டது. 11-க்குச் சரிப்படவில்லை. அதற்காக அவர் ஊகத்தைச் சுருட்டி வைத்துவிடவில்லை. 11-க்கு வேறொரு அளவு இருந்தே தீர வேண்டும் என்று சொல்லி, அதற்கு ‘கிராங்க்’ என்று பெயரும் வைத்துவிட்டார். பிள்ளை பிறக்குமுன் பெயர்சூட்டு விழா! கிராங்க் என்றால் இயந்திரத்தைச் சுற்றும் கைப்பிடி என்று மில் தோழர்கள் அறிவார்கள். ஆங்கிலத்தில் கிறுக்கனுக்கும் அதே சொல்தான்.

பிறகு என்ன நடந்தது? 5, 7 பற்றிய ஊகம் சரியே என்று ஆட்கினும் ஸ்வின்னர்ட்டன்-டயரும் 1954-ல் நிரூபித்தார்கள். கிராங்க் அகப்பட 1987 வரை ஆயிற்று. ராமானுஜத்தின் நூற்றாண்டை ஒட்டி அமெரிக்காவில் நடந்த மாநாட்டுக்கு வந்திருந்த ஆண்ட்ரூஸும் கார்வனும் அதைக் கண்டுபிடித்தார்கள். மாணவர் ஏட்டில் வைத்த பெயருக்கு 43 வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது!

ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் நிரூபணம் கேட்கும். கேட்பது நியாயமே, இல்லாவிட்டால் விஞ்ஞானம் வதந்தியாகிவிடும். ஆனால் அரைகுறையாக முளைத்த யோசனையை எங்கே நடுவது? நாற்றங்கால் இல்லாமல் நடவு உண்டா? ‘யுரேகா’ அந்த நாற்றங்காலாக இருந்தது.

அதில் எழுதியவர்கள் எல்லோரும் சீமான் வீட்டுப் பிள்ளைகளும் அல்ல. கேம்பிரிட்ஜ் மாணவர் நால்வர் ‘பிளான்ச் டெகார்ட்’ என்ற கற்பனைப் பெண்மணியின் பெயரில் எழுதிவந்தார்கள். 1947-ல் அந்தப் பெயரில் ‘யுரேகா’வில் வந்த ஒரு கணக்கை இன்றும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுகிறார்கள். நால்வரில் ஒருவர் வில்லியம் டட், தோட்டக்காரரின் மகன். உதவித்தொகையில் படித்தவர். நாஜிகளின் ரகசியச் செய்தி இயந்திரம் ஒன்றின் அமைப்பை, அந்த இயந்திரத்தைக் கண்ணால் காணாமலே கண்டறிந்தவர் அவர்.

கேம்பிரிட்ஜ் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க மறுத்த இடம் அது. தோட்டக்காரரின் மகன்கள் அங்கே எத்தனை பேர் நுழைய முடிந்தது?

நம் ராமானுஜத்தையே எடுத்துக்கொள்வோம். ஜவுளிக்கடைக் கணக்கரின் மகன். கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானவர். அதற்கு முன்பே, 1911-ல், பட்டமில்லாத அந்த இளைஞரின் கேள்விகளையும் கட்டுரையையும் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்டது. பட்டம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால்?

மலருக்கென்று மாணவரிடம்தானே கட்டணம் வசூலிக்கிறார்கள்? ஆசிரியர் குழுவை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். பேராசிரியர் யோசனை சொல்லட்டும். கத்தரிக்கோல் அவர் கையில் வேண்டாம். ஊகத்தை ஊகம் என்று தலைப்பிட்டே போடட்டும். தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் இன்னொரு மாணவன் திருத்துவான். நிர்வாகியின் படத்துக்கு ஒரு பக்கம் போதாதா?

அந்தப் பையனும் நண்பர்கள் மூவரும் இப்போது எட்டுப் பக்கத்தில், தமிழில், தாங்களே ஓர் ஏடு தயாரித்து வருகிறார்கள். முதல் இதழின் ஜெராக்ஸ் செலவை அவன் தகப்பனாருடன் ஷிப்டில் நிற்கும் தோழர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மற்ற ஊர்த் தோழர்களும் கல்லூரிக்குப் போகும் தங்கள் பிள்ளைகளை விசாரித்து, அங்கே மலர் யார் கையில் இருக்கிறது என்று நமக்கு எழுத வேண்டுகிறோம்.