கம்பத்தில் ஏறுபவன் கற்றவனா?

2024 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டபோது, திருவரங்கத்தை அடுத்து ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் முதலில் சாய்ந்தது, பிறகு விழுந்தது. ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. வேடிக்கை பார்க்க முடியாதவர்களும் அங்கே இருந்தார்கள். மின்வாரியத் தொழிலாளர்கள்! ஆறு பெருகும் இரவில் அவர்களுக்கு ஏது உறக்கம்?

அரங்கனுக்கு 236 அடி உயர இராசகோபுரம் 1987இல் எழுந்து நின்றது. எழுப்பியோருக்கு மாலை உண்டு, மரியாதை உண்டு. அந்தக் கோபுரத்து விளக்கு அணையாமல் காப்பவனுக்குப் பொன்னாடை போர்த்தியவர் யார்? வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் விளக்கு அணைந்தால், ‘ரங்கா, ரங்கா’ என்று கூவும் பக்தகோடிகளும் லைன்மேனுக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். பகவானுக்கு ஃபியூஸ் போடத் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது!

அந்த லைன்மேனைப் பற்றிப் பேசுமுன், திருவெறும்பூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1953இல் ஆச்சாரியார் குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில். நாவிதர் மகன் கத்தி பிடிக்கட்டும், குயவர் மகன் சக்கரம் சுற்றட்டும் என்றார்கள். தமிழகம் கொதித்தது, 1954இல் திட்டம் ஒழிந்தது. அடுத்த பதினோராவது ஆண்டு, 1965இல், திருவெறும்பூரில் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அன்றைய செக்கோஸ்லோவாகியா நாடு நுட்பம் தந்தது. செக் நிபுணர்கள் வந்தார்கள், கற்பித்தார்கள், போய்விட்டார்கள். கற்றுக்கொண்டவர்கள் நின்றார்கள். சக்கரம் சுற்றச் சொன்ன கைக்கு வெல்டிங் கோல் கிடைத்தது!

சாமானியமான வேலையா அது? பெரிய அனல்மின் நிலையத்துக் கொதிகலக் குழாயில் சதுர அங்குலத்துக்கு இரண்டாயிரம் இராத்தலுக்கு மேல் அழுத்தம் நிற்கிறது. உள்ளே நீர், வெளியே தீ. நிலக்கரிச் சாம்பல் குழாயை வெளியிலிருந்து அரிக்கும். நீரில் உப்பு இருந்தால் அது உள்ளே படியும்; படிந்த இடம் சூடேறிப் புடைக்கும், வெடிக்கும். ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஒன்று கசிந்தாலும் நிலையத்தின் அந்த அலகையே நிறுத்தவேண்டும். ஆகவே, கொதிகலன் விதிப்படி தேர்வு எழுதிச் சான்று பெறாத வெல்டர் அந்தக் குழாயைத் தொடக்கூடாது. அவன் இட்ட இணைப்பை ஊடுகதிரில் படம் பிடித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வார்கள்.

1964இல் வட்டாரப் பொறியியற் கல்லூரி திருச்சிக்கு வந்தது. 1975இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அதே தொழிற்சாலை வளாகத்தில் வந்தது. பிறகு என்ன ஆயிற்று? 1970களில் லிபியாவின் மேற்குத் திரிபோலி மின்நிலையத்தைக் கட்டித்தரும் பணி பெல் நிறுவனத்துக்குக் கிடைத்தது. கடன் வாங்கிய அறிவைக் கடல்கடந்து கொடுக்கும் நிலை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தது. எந்திரத்தை மட்டும் வாங்கி, திருகாணி கழன்றால் வெள்ளைக்காரனுக்குத் தந்தி அடித்த நாடுகள் உலகில் பலவுண்டு. அந்த வரிசையில் நாம் நிற்கவில்லை.

இன்று, அதே தமிழ்நாட்டில் நடப்பதென்ன?

மின்வாரியத்தில் பல்லாயிரம் பணியிடங்கள் காலி. அந்த இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறான். 2021இல் கேங்மேன் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை எடுத்தார்கள். குழி தோண்ட, கம்பம் நட எடுத்தார்கள். லைன்மேன் இல்லாத ஊரில் கம்பத்தில் ஏறும் வேலையும் அவர்கள் தலையிலே விழுகிறது என்று தொழிற்சங்கங்கள் கூக்குரலிட்டன. நெய்வேலியில் 2020 மே மாதம் ஒரு கொதிகலன் வெடித்தது. ஜூலை முதல் நாள் மற்றொன்று வெடித்தது. அன்றே ஆறு பேர் மாண்டார்கள். மருத்துவமனையில் மேலும் பலர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் பிழையால் வெடித்தது என்று நாம் கூறவில்லை. அபாயத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டவர் யார் என்றுதான் கேட்கிறோம்.

கம்பத்தில் ஏறுமுன் செய்யவேண்டியவை உண்டு. துணைமின் நிலையத்தில் எல்.சி. வாங்கவேண்டும். சுவிட்சைத் திறந்ததைக் கண்ணால் பார்க்கவேண்டும். வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் கம்பியை எர்த் செய்யவேண்டும். ஏன்? யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் கம்பிக்குத் திரும்பி வரக்கூடும். செத்த கம்பி என்று நினைத்துத் தொட்டவன் சாவான். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும், தமிழில் எழுதிய கையேடு வேண்டும். காலையில் வேலைக்குச் சேர்த்து மாலையில் கம்பத்தில் ஏற்றுவது பயிற்சியல்ல, பலி!

வாரியம் கடனில் மூழ்கிக் கிடக்கிறதே என்பார்கள். கடனை அடைக்கக் கம்பத்து உயிரா அடகு? கோட்டையில் எந்தக் கட்சி இருந்தாலும், நம் கட்சியே இருந்தாலும், நாம் கேட்பது இதுதான். திருவெறும்பூரில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, துவாக்குடியில் கல்லூரி இருக்கிறது, கற்பிக்கத் தெரிந்த ஓய்வுபெற்றோர் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரனின் ஆளாயினும், வாரியத்தின் ஆளாயினும், அங்கே பயின்று சான்று பெற்ற பிறகே கம்பியைத் தொடவேண்டும்; பயின்றவனுக்கு நிரந்தர வேலை தரவேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் கம்பத்தில் மாண்டவர் எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்ற கணக்கை, அடுத்த மானியக் கோரிக்கையின்போது மின்துறை அமைச்சர் சட்டமன்றத்தின் மேசையில் வைக்கட்டும்.