விடிவெள்ளிக்கு ஒரு விசாரணை

விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் திண்டிவனத்தில், செஞ்சி ரோட்டோர டீக்கடை ஒன்றில் நின்றோம். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மேற்கே வானத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். கூட வந்த நண்பரின் மகன், காலேஜ் படிக்கிறவன், செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டே, "அங்கிள், அது நகரவே மாட்டேங்குது. டிரோனா இருக்குமோ?" என்றான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெள்ளி தம்பி அது. ஒரு மாசமா அங்கதான் நிக்குது" என்றார்.

பையனின் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதே சந்தேகம் ஒருமுறை நம் ராணுவத்துக்கே வந்தது. வந்து, ஆறு மாதம் நீடித்தது.

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில், பாங்காங் ஏரிப் பக்கம், நம் வீரர்கள் வானத்தில் அடையாளம் தெரியாத வெளிச்சங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள். மொத்தம் 329 முறை. அதில் 155 முறை அவை எல்லைக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததாகவும் பதிவு. சீனா உளவு பார்க்க அனுப்பும் டிரோன் என்று சந்தேகம். ராடார் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் விஷயம் பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போனது. நம்ம காவலூரிலும் கொடைக்கானலிலும் தொலைநோக்கி வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான். வெளிச்சம் தோன்றும் நேரத்தையும் திசையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

செய்தி வெளியானதும் உலகமே சிரித்தது. நானும் ஒரு கேலி செய்யலாம். மார்கழி விடியலை இதே வெள்ளியையும் வியாழனையும் வைத்துத்தான் ஆண்டாள் திருப்பாவையில் குறித்திருக்கிறார். ஆனால், அந்த வீரர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. பதினாலாயிரம் அடி உயரம். தூசு இல்லாத காற்று. அங்கே வெள்ளி நம்ம ஊரில் தெரிவதைவிட நன்றாகவே ஜொலிக்கும். எதிரே சீனப் படை. டிரோன் வருகிறதா என்று பார்க்க நிறுத்தப்பட்டவன் கண்ணுக்கு டிரோன்தான் தெரியும். பார்த்ததை மறைக்காமல் எழுதி வைத்தானே, அது கடமை. சந்தேகம் வந்ததும் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டார்களே, அது நல்ல புத்தி. என் கோபம் வேறு இரண்டு விஷயத்தில்.

ஒன்று, அந்த நல்ல புத்தி ஏன் ஆறு மாதம் கழித்து வர வேண்டும்? வானத்தில் வெளிச்சம் என்றால் முதல் போன் வானியல்காரனுக்குத்தானே போக வேண்டும்? இது வெறும் சிரிப்புச் சமாசாரம் இல்லை. 2013 ஏப்ரலில், அதே லடாக்கில், தெப்சாங்கில் சீனப் படை கூடாரம் அடித்து உட்கார்ந்தது. மூன்று வாரம் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் நின்றன. அப்படிப்பட்ட எல்லையில் ஒரு கிரகத்தைப் பார்த்து யாராவது அவசரப்பட்டிருந்தால்?

இரண்டு, முடிவை ஜனங்களுக்குச் சொல்வது யார்? லடாக் சமாசாரம் நமக்குப் பத்திரிகைகள் மூலமாகத்தான் தெரிந்தது. இம்பால் கதை அதைவிட மோசம். 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை மதியம். இம்பால் விமான நிலையத்துக்கு மேலே அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று தெரிகிறது என்று தகவல். வான்வெளியை மணிக்கணக்கில் மூடினார்கள். விமானங்களைத் திருப்பி விட்டார்கள். ரஃபேல் போர் விமானங்கள் தேடக் கிளம்பின. பிறகு விமானப் படையின் கிழக்குக் கட்டளை அறிவித்தது: நடவடிக்கை எடுத்தோம், அந்தச் சிறிய பொருள் அதன் பிறகு தென்படவில்லை. அவ்வளவுதான் அறிவிப்பு.

டி.வி.க்காரர்களுக்குக் கொண்டாட்டம். 'வேற்றுக்கிரகவாசிகளா?' என்று கிராஃபிக்ஸ் போட்டார்கள். மணிப்பூரில் அந்த மே மாதம் முதல் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வீடு எரிந்து முகாமில் கிடந்த ஜனங்களுக்கு வானத்தில் ஒன்று பறந்தால் அது வேடிக்கையா? அடுத்த ஆண்டு செப்டம்பரில் இம்பால் பக்கத்துக் கிராமங்களில் டிரோனிலிருந்து நிஜமாகவே குண்டு விழுந்தது. அந்த ஜனங்களுக்கு, 'அன்றைக்குப் பறந்தது என்ன?' என்று கேட்க உரிமை உண்டா இல்லையா?

பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். ராடார் எங்கே இருக்கு, எவ்வளவு தூரம் பார்க்கும்னு யாரும் கேக்கலை சார். பறந்தது பலூனா, பறவையா, டிரோனா, வெள்ளியா என்றுதான் கேட்கிறோம். அமெரிக்க விமானப் படை 1947 முதல் 1969 வரை இப்படி 12,618 புகார்களை விசாரித்தது. 701 புகார்களுக்கு விடை கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கோப்புகளை இன்று யாரும் படிக்கலாம். பிரான்சில் விண்வெளி நிறுவனமே இதற்கென்று ஒரு பிரிவு வைத்து, விசாரணை முடிவுகளை 2007 முதல் இணையத்தில் போடுகிறது. அதனால் அந்த நாடுகளின் பாதுகாப்பு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. நமக்கு மட்டும் என்ன பயம்?

பதில் சொல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். பறக்கும் தட்டை நம்புகிறவன் அறிவிலி என்று திட்டுவது சுலபம். அவனுக்கு நம்ப வேறென்ன கொடுத்தீர்கள்?

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். விசாரணை முடிந்தால் ஒரே ஒரு பக்கம் வெளியிடுங்கள். எப்போது பார்த்தோம், யாரைக் கேட்டோம், என்ன முடிவு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை.

திண்டிவனமும் விழுப்புரமும் ஒரே மக்களவைத் தொகுதி. அதற்கும் ஒரு எம்.பி. இருக்கிறார். நாடாளுமன்றத்தில் இதைக் கேட்க இம்பால்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.