ஒட்டினால் மட்டும் போதுமா?



கெப்போங்கிலிருந்து பத்துமலைக்கு இரண்டாம் நடுவட்டச் சாலை வழியே வருவோர் அங்குள்ள நீண்ட மேம்பாலத்தை அறிவர். அதன் 33 தூண்களில் 31இல் வெடிப்புகள் காணப்பட்ட செய்தி 2004இல் நாட்டையே பேச வைத்தது. தூணின் இரும்புக் கம்பிகள் மேலுள்ள குறுக்கு உத்திரத்துக்குள் போதிய நீளம் செல்லவில்லை என்பது அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பழுதுபார்த்த பின்னரும், 2008 ஆகஸ்டில் ஒரு தூணில் பொருத்திய கரிம இழைத் தகடு பெயர்ந்ததால் பாலம் மீண்டும் மூடப்பட்டது. இரண்டு முறையும் பேச்சுக்கு வந்தது பிடிமானமே என்பது என் கருத்து.

கரிம இழையைக் குறை கூறுவதற்கில்லை. சுவிட்சர்லாந்தின் இபாக் பாலத்தை 1991இல் சீர்செய்தபோது, 175 கிலோ எஃகு செய்ய வேண்டிய வேலையை 6.2 கிலோ இழைத்தகடு செய்தது. ஆனால் அத்தகட்டை உத்திரத்தின் அடியில் பசையிட்டு ஒட்டுகிறோம். பசை வலியது, காங்கிரீட்டின் மேல்தோல் அவ்வளவு வலியதன்று. சுமை ஏறும்போது, இழை தன் முழு வலிமையைக் காட்டுமுன்பே, ஓரத்திலோ வெடிப்பருகிலோ மெல்லிய காங்கிரீட் படலத்தோடு சேர்ந்து உரிந்துவிடும். முன்னறிவிப்பும் பெரும்பாலும் இராது.

இதைத் தடுக்கவே நங்கூரம். உத்திரத்தின் பக்கங்களையும் தழுவுமாறு ‘ப’ வடிவில் இழைத்துணியைச் சுற்றுவது ஒரு முறை. காங்கிரீட்டில் துளையிட்டு, பிசினில் தோய்த்த இழைக்கற்றையை உள்ளே செலுத்தி, வெளிமுனையைப் பூந்துடைப்பம்போல் விரித்துத் தகட்டின்மீது ஒட்டுவது இன்னொரு முறை.

பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பழைய கட்டடங்கள் உள்ளன. உத்திரத்தில் வெடிப்புக் கண்டு குத்தகையாளரை அழைத்தால், விலைப்பட்டியலில் எத்தனை மீட்டர் இழை என்பதையே நாம் பார்க்கிறோம். செலவைக் குறைக்கச் சொன்னால் எளிதில் விடுபடக்கூடியது நங்கூரம். கண்ணுக்குத் தெரியாத பொருளன்றோ!

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வண்ணப்பூச்சைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குத் தாருங்கள். துருப்பிடித்த கம்பியை முதலில் சீராக்கினார்களா? தகட்டின் முனைகளை எவ்வாறு பிடித்து நிறுத்துகிறார்கள்? சிற்றுண்டிச்சாலை அடுப்பின் மேலுள்ள உத்திரமாயின், வெப்பத்தில் இளகும் பசைக்கு என்ன காப்பு? காங்கிரீட்டின் மேற்பரப்பை இழுத்துப் பார்க்கும் சோதனையின் அறிக்கையையும் பதிவுபெற்ற பொறியாளரின் கையொப்பத்தோடு கேளுங்கள். அமெரிக்க வழிகாட்டி நெறி கேட்கும் குறைந்த அளவு, சதுர மில்லிமீட்டருக்கு 1.4 நியூட்டன்.